கைகள் கற்ற மருத்துவம்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்குச் செல்பவர்கள், காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளை அடையுமுன் காளப்பநாயக்கன்பட்டியைக் கடந்தாக வேண்டும். அவ்வூரில் கழிந்த என் பள்ளிப் பருவத்திலிருந்து இரண்டு கைகள் நினைவில் தங்கியுள்ளன.

புளிய மரத்திலிருந்து விழுந்து தோள்பட்டை நழுவியபோது, ஒரு முதியவர் விளக்கெண்ணெய் தடவி நீவிக்கொண்டே, "சாமி, உங்கூட்டு மாடு ஈன்டுச்சாமா, காளையா கெடேரியா?" என்று கேட்டார். நான் விடை சொல்ல வாய் திறந்த கணத்தில் மூட்டு இடத்தில் அமர்ந்துவிட்டது. மறு ஆண்டு, வேறோர் ஊரில், முன்கை முறிவுக்கு மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டப்பட்ட என் உறவினர் மகன், விரல்கள் கறுத்த பின்னரே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டான். அவன் கை மிஞ்சவில்லை. இவ்விரண்டையும் ஒருசேர வைத்தே இம்மருத்துவத்தின் வரலாற்றைப் பார்க்க வேண்டியுள்ளது.

சித்த மருத்துவம் புற மருத்துவ முறைகளை 32 என வகுக்கிறது. அவற்றுள் ஒன்றாகிய தொக்கணம் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் முதலிய ஒன்பது செயல்களை உடையது. வர்மப் புள்ளிகளைப் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 ஆகக் கணக்கிடுவர். செயலுக்கும் இடத்திற்கும் பெயர் உண்டு. எவ்வளவு அழுத்துவது என்பதை ஏட்டிலிருந்து மட்டும் கற்றுவிட முடியாது. அது ஆசானின் கையிலிருந்து மாணவனின் கைக்குச் செல்வது. அந்த அளவு தவறிய இடத்திலேதான் என் உறவினர் மகனின் கை போயிற்று.

சென்னை மாகாண அரசு 1921 இல் முகமது உஸ்மான் தலைமையில் அமைத்த குழு, நாட்டு மருத்துவங்களை ஆராய்ந்து 1923 இல் அறிக்கை அளித்தது. அடுத்த ஆண்டே சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது. 1964 இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி வந்தது. இன்று சித்த மருத்துவப் பட்டப்படிப்பில் வர்மமும் புற மருத்துவமும் பாடங்களாக உள்ளன. நூல் கல்லூரிக்குள் சென்றது. ஊர்ப்புறத்துக் கை பெரும்பாலும் வெளியிலேயே நின்றுவிட்டது. பரம்பரை வைத்தியர்களாயினும் அங்கீகரிக்கப்பட்ட தகுதியும் பதிவும் இன்றி மருத்துவத் தொழில் செய்யவியலாது என 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கறுத்த விரல்களைக் கண்ட எனக்கு அத்தீர்ப்பைக் குறைசொல்ல மனம் வரவில்லை.

ஆயினும் ஓர் ஒப்பீடு தோன்றுகிறது. அமெரிக்காவில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர் ஒரு காலத்தில் எலும்பு கட்டுபவராகத் தம்மை விளம்பரம் செய்துகொண்டவர். 1892 இல் மிசௌரி மாநிலத்துக் கிர்க்ஸ்வில்லில் அவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த ஆஸ்டியோபதி, இன்று அந்நாட்டில் முழு உரிமை பெற்ற மருத்துவப் பட்டம். அங்கே கைத்திறனே பள்ளியாயிற்று. தவறுகளும் பாடத்திற்குள் வந்து திருத்தம் பெற்றன. நம்மிடமோ தவறு வீட்டுத் துயரமாகவும், திறன் ஊர்க்கதையாகவும் முடிந்துபோகின்றன.

என் தோளைச் சரிசெய்த முதியவர் இன்றில்லை. அவர் பிள்ளைகள் வேறு தொழிலுக்குச் சென்றுவிட்டனர். அந்தக் கேள்வியை எந்தக் கணத்தில் கேட்க வேண்டும் என்பதை அவரிடம் கேட்டு எழுதி வைத்தவர் எவருமில்லை, தமிழ் படித்த நான் உட்பட.