எண்ணாயிரம் கழுமரங்களும் எட்டுத் திருமேனிகளும்

வெறும் புதுக்கோட்டை என்றால் தொண்டைமான் ஆண்ட சீமையை நினைத்துவிடுவார்கள் என்று, மதுரைக்காரர்கள் தங்கள் புதுக்கோட்டைக்கு முன்னால் மறக்காமல் நாகமலையைச் சேர்த்துக்கொள்வார்கள். தேனி சாலையில் மதுரை நகரம் முடிகிற இடம் இது. 1965இல் வந்த வெள்ளைச்சாமி நாடார் கல்லூரியும், 1966இல் தொடங்கி இன்று காமராசர் பெயரைத் தாங்கி நிற்கும் பல்கலைக்கழகமும் இந்தப் பக்கத்தை வாத்தியார்கள் குடியிருக்கும் புறநகராக்கிவிட்டன. ஆனால் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிற பிள்ளை கல்லூரியைப் பற்றியா கேட்கும்? கூடவே நெளிந்து நெளிந்து வருகிற மலையைப் பற்றித்தான் கேட்கும்.

அந்தக் கேள்விக்குத் திருவிளையாடற் புராணம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. அனந்தகுண பாண்டியன் காலத்தில் சமணர்கள் வேள்வி செய்து அதிலிருந்து ஒரு மாயப் பாம்பை எழுப்பி மதுரையை விழுங்க அனுப்பினார்களாம். பாண்டியன் அம்பெய்து கொன்றான். செத்த பாம்பு மலையாகக் கிடந்தது. அடுத்து ஒரு மாயப் பசு வந்தது. சொக்கநாதர் நந்தியை ஏவ, பசு விழுந்து பசுமலை ஆயிற்று. வடகிழக்கே படுத்திருக்கும் யானைமலைக்கும் இதே போல ஒரு கதை உண்டு, அது வேறொரு பாண்டியன் காலத்தில். ஊரைச் சுற்றியுள்ள பாறைகள் எல்லாம் பகைவர் ஏவிய பூதங்களின் உடல்கள்! குழந்தைகளைச் சாப்பிட வைக்க இதைவிட நல்ல கதை கிடையாது.

பூதக் கதைகள் நமக்கு மட்டும் சொந்தமல்ல. அக்டோபர் கடைசியில் வெள்ளைக்காரர்கள் கொண்டாடும் பேய்த் திருநாளான ஹாலோவீன் இப்போது நம் பெருநகரங்களுக்குள்ளும் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. அமெரிக்காவில் அதன் தலைநகரம் போலவே ஆகிவிட்ட ஊர் ஒன்று உண்டு. பெயர் சேலம்; மாம்பழத்துச் சேலம் அல்ல, பாஸ்டனுக்கு வடக்கே 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கடலோரச் சேலம். 1692இல் அங்கே சூனியக்காரர்கள் என்று பழி சுமத்தி 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். வழக்கில் வாய் திறக்க மறுத்த ஜைல்ஸ் கோரி என்ற எண்பது வயது கடந்த கிழவரை, மார்பில் பாறாங்கற்களை அடுக்கி நசுக்கிக் கொன்றார்கள். நெருப்பில் போட்டு எரித்ததாகப் பலரும் நினைக்கிறார்கள், ஒருவரைக்கூட எரிக்கவில்லை. அக்டோபருக்கும் அந்தச் சாவுகளுக்கும் சம்பந்தமே இல்லை, கடைசித் தூக்கு செப்டம்பர் 22ஆம் தேதியே முடிந்துவிட்டது. ஆனாலும் 1982 முதல் அங்கே அக்டோபர் திருவிழா நடக்கிறது; இப்போதெல்லாம் அந்த ஒரு மாதத்தில் மட்டும் பத்து லட்சம் பேர் வந்து போகிறார்கள். எங்கு பார்த்தாலும் கூம்புத் தொப்பி, துடைப்பம், எலும்புக்கூடு. தூக்கிலிட்ட இடம் எது என்பதோ 2016இல்தான் உறுதியாயிற்று: ஒரு மருந்துக்கடைக்குப் பின்னாலிருக்கும் பாறைச் சரிவு. மறு ஆண்டு அங்கே நினைவுச் சின்னம் வைத்தார்கள். குற்றவாளிப் பட்டியலில் கடைசியாக மிஞ்சியிருந்த பெண்ணின் பெயர் 2022இல்தான் நீங்கியது. திருவிழாவைவிட நாற்பது ஆண்டு பிந்தியது நீதி.

ஆக, நடந்த கொலையைக் கேளிக்கையாக்கிய ஊர் சேலம். நாகமலை புதுக்கோட்டைக்காரர்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இதைத் தலைகீழாக்கி வைத்தது போல ஒரு மலை இருக்கிறது. பெரும்பாலும் நடந்தே இராத ஒரு கொலையின் நிழல் அதன்மேல் விழுந்து கிடக்கிறது.

கீழக்குயில்குடி சமணர்மலைதான் அது. எண்ணாயிரம் சமணரைக் கழுவேற்றிய கதையைக் கேட்டு வளர்ந்த எவருக்கும் இந்த மலையின் பெயரைச் சொன்னதும் கழுமரங்கள்தான் கண்ணில் வரும். கழுவேற்றம் நடந்த இடம் என்று மதுரைக்கு அந்தப் பக்கம் உள்ள சாமநத்தத்தைக் காட்டுவோரும் உண்டு. கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். கூன்பாண்டியனின் வெப்பு நோயைத் திருஞானசம்பந்தர் தீர்க்கிறார். அனல்வாதத்திலும் புனல்வாதத்திலும் சமணர் தோற்கிறார்கள். மந்திரி குலச்சிறையார் அவர்களைக் கழுவேற்றுகிறார். மீனாட்சியம்மன் கோயில் பொற்றாமரைக் குளத்து மண்டபச் சுவர்களில் இந்தக் காட்சி ஓவியமாகவே தீட்டப்பட்டிருந்தது.

சம்பந்தர் வாழ்ந்தது 7ஆம் நூற்றாண்டு. அவர் பாடல்களில் சமணர்மீது சீற்றம் கொட்டிக் கிடக்கிறது, கழுவேற்றியதாக ஒரு சொல் இல்லை. நம்பியாண்டார் நம்பியிடம் முளைவிட்ட செய்தி, 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தில்தான் முழுக்கதையாக வளர்கிறது. சம்பவம் என்று சொல்லப்படுவதற்கும் அந்தக் கதைக்கும் நடுவே ஐந்நூறு ஆண்டுகள்! அக்காலத்துக் கல்வெட்டு எதுவும் இதைச் சொல்லவில்லை. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி இதை வரலாறாக ஏற்கவே மறுத்தார். எண்ணாயிரம் என்ற எண்ணும் யோசிக்க வைக்கிறது. மதுரையைச் சுற்றிச் சமணர்கள் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் எட்டு மலைகளை எண்பெருங்குன்றம் என்பார்கள். மலைக்கு ஆயிரம் என்று போட்டுப் பெருக்கியது போலத்தான் தெரிகிறது. யானைமலைக் கதையில் வேள்வி செய்தவர்களும் இதே எண்ணாயிரம் பேர்தான்.

இவ்வளவு வாதமும் வேண்டாம் என்பவர்கள் மலையேறிப் பார்த்துவிடலாம்.

அடிவாரத்தில் தாமரைக்குளம், பெரிய ஆலமரம், அய்யனார் கோயில், அரிவாளோடு கருப்பசாமி. ஐப்பசி மழைக்குப் பிறகு குளம் நிரம்பியிருக்கும். கோயிலையொட்டிப் பாறையில் வெட்டிய படிகள் மேலே போகின்றன. பாதி மலையில் ஒரு சுனை. பேச்சிப்பள்ளம் என்று பெயர். ஊர்ப்பக்கம் பிள்ளைகளைப் பயமுறுத்தப் பேச்சியின் பெயர் ஒன்றே போதும். ஆனால் அந்தப் பள்ளத்தின் மேல் நிற்கும் பாறையில் வரிசையாகச் செதுக்கியிருக்கும் எட்டுத் திருமேனிகளைப் பார்த்து யாருக்கும் பயம் வராது. மகாவீரர், தலைக்குமேல் பாம்பு படமெடுத்த பார்சுவநாதர், காலில் கொடி சுற்றியதும் தெரியாமல் தவத்தில் நிற்கும் பாகுபலி. கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர்களின் பெயர்கள். அச்சணந்தி என்ற முனிவரின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனியும் இவற்றில் ஒன்று. துறவியான மகனின் பெயரால் அம்மா தன்னை அடையாளம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நாட்டின் பல மலைகளில் சமண உருவங்களை அமைத்த அச்சணந்தியின் குடும்பத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் துணுக்கு இது.

இவையெல்லாம் 9, 10ஆம் நூற்றாண்டு வேலை. அதாவது சமணரை வேரறுத்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு இருநூறு ஆண்டு கழித்து! இன்னும் மேலே ஏறினால் ஒரு கோயிலின் அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. மாதேவிப் பெரும்பள்ளி. கட்டுவித்தவன் பராந்தக வீரநாராயணன் என்ற பாண்டியன். பள்ளியின் பெயர் அவன் தேவி வானவன் மாதேவியின் பெயர். கழுவேற்றியதாகச் சொல்லப்படும் குலத்தில் வந்த அரசன் மனைவி பெயரில் சமணப் பள்ளி கட்டியிருக்கிறான். உச்சியில் கன்னட எழுத்திலும் ஒரு கல்வெட்டு இருக்கிறது. சிரவணபெளகுளத்தோடு தொடர்புடைய துறவிகளைச் சொல்வது அது. இத்தனை பேர் பயந்து ஓடிய மலையா இது?

மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. குகைக்கு வெளியே பெரிய தீர்த்தங்கரர் ஒருவர் நீண்ட காதுகளோடு உட்கார்ந்திருக்கிறார். ஊரார் அவரைச் செட்டியார் என்றே அழைத்துப் பழகிவிட்டார்கள். அவரோடு படமெடுத்துக்கொண்டு பலர் திரும்பிவிடுகிறார்கள். குனிந்து உள்ளே போக வேண்டும். மேலே வளைந்து இறங்கும் பாறையில் ஐந்து சிற்பங்கள். நடுவில் முக்குடையின்கீழ் மூன்று தீர்த்தங்கரர்கள். ஓர் ஓரத்தில் சிங்கத்தின்மேல் ஏறி வில்லேந்திய இயக்கி, யானைமேல் வரும் அசுரனோடு போரிடுகிறாள். சிங்கம் பாய்கிற வேகத்தையும் யானை நின்ற நிலையையும் ஒரு முழப் பாறைக்குள் அடைத்த அந்தச் சிற்பிக்குக் கை கொடுக்கத் தோன்றும். கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்டவர்களின் குகையில் ஒரு போர்க்காட்சி என்பது தனி வேடிக்கை.

கதைகளில் அச்சுறுத்தும் இந்த ஊரில் நிஜமான வேட்டை ஒன்றும் நடந்தது. அதைப் பயண வழிகாட்டிகள் சொல்வதில்லை. 1914இல் கீழக்குயில்குடிக் கள்ளர்களைக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது வெள்ளைக்கார அரசு. தனித்தனியே யாரும் குற்றம் செய்ததாக நிரூபிக்க வேண்டியதில்லை, அந்தச் சாதியில் பிறந்ததே போதும். ஆண்கள் கைரேகை பதிக்க வேண்டும். இரவில் வீட்டில் படுக்க முடியாது, ஆளைக் கணக்கெடுக்கும் இடத்தில் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். சில ஆண்டுகளில் இது பிரமலைக் கள்ளர் அனைவர்மீதும் விரிந்தது. ரேகை வைக்க மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3ஆம் தேதி உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 16 பேர் இறந்தார்கள். கள்ளர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பை மக்கள் ரோசாப்பூ துரை என்று கொண்டாடினார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் போனது 1947இல்தான். கழுவேற்றத்துக்குக் கல்வெட்டுச் சான்று கிடையாது. ரேகைச் சட்டத்துக்கோ அரசாணை இருக்கிறது, பதிவேடு இருக்கிறது, செத்தவர்கள் பெயர் இருக்கிறது. சேலத்து வழக்குகளோடு சேர்த்துப் பேச வேண்டியது இதைத்தான்.

ஐப்பசியில் குடும்பத்தோடு போகிறவர்கள் விடிந்ததும் கிளம்பிவிடுவது நல்லது. பத்து மணிக்குமேல் பாறை காலைச் சுடும், மூன்று மணிக்குமேல் மழை பிடித்துக்கொள்ளும், நனைந்த பாறையில் இறங்குவது பெரியவர்களுக்குச் சங்கடம். தண்ணீர் கீழிருந்தே கொண்டுபோக வேண்டும். விளக்கிச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் 2010இல் தொடங்கிய பசுமை நடை இருக்கிறது. யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் ஆக்கும் யோசனையை எதிர்த்து ஊர் திரண்ட நேரத்தில் பிறந்தது அது. வேதாசலம், சாந்தலிங்கம் போன்ற கல்வெட்டு அறிஞர்கள் பாறையோரம் நின்று பேச, வந்தவர்கள் ஆலமரத்தடியில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கலைவார்கள். தாத்தா பாட்டியிலிருந்து கைக்குழந்தை வரை வருகிற கூட்டம்.

இறங்கிய பிறகு நேரம் மிஞ்சினால் பக்கத்திலேயே கொங்கர் புளியங்குளம் இருக்கிறது. அங்கே குகைத்தளத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கற்படுக்கைகள். பிள்ளைகள் ஆளுக்கொன்றாகப் படுத்துப் பார்க்காமல் விடமாட்டார்கள். மேலே பாறை நெற்றியில் இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட தமிழ் பிராமி எழுத்துகள் மூன்று இடத்தில் இருக்கின்றன. கொடை தந்தவர்களில் ஒருவர் பாகனூரைச் சேர்ந்த பேராதன் பிட்டன். அரசன் இல்லை, முனிவர் இல்லை, எந்தப் புராணத்திலும் வராதவர்.