பொறி யாத்த செய்யுள்

செய்யுள் யாத்தல் புலவர்க்கே உரியதென்பது நெடுங்காலக் கொள்கை. அக்கொள்கையை முதலிற் சோதித்தது கணினியன்று. இங்கிலாந்தினரான யோன் கிளார்க் என்பார் 1845 இல் இலண்டனிற் காட்சிக்கு வைத்த பொறி, ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒன்றாக இலத்தீன் அறுசீரடிகளைத் தோற்றுவித்தது. குறிலும் நெடிலும் அளவொத்த சொற்களை ஒரே வாய்பாட்டில் நிறுத்தியமையால் அடி பிழைபடவில்லை. 1952 இல் கிறிஸ்தோபர் ஸ்ட்ரேச்சி மான்செஸ்டர்ப் பல்கலைக்கழகக் கணினியைக் கொண்டு காதற்கடிதங்கள் வரைவித்ததும், பட்டியலிலிருந்து எழுந்தமானமாகச் சொல்லெடுக்கும் இத்தகைய உபாயத்தாலேயே.

தமிழில் இம்முயற்சிக்கு யாப்பே வாயிலாயிற்று. வெண்பாவின் விதிகள் ஐயத்துக்கு இடமற்றவை. மாமுன் நிரையும், விளமுன் நேரும், காய்முன் நேரும் வரல் வேண்டும். ஈற்றடி நாள், மலர், காசு, பிறப்பு என்பவற்றுள் ஒன்றால் முடிதல் வேண்டும். இதனினும் தெளிவான கட்டளையைக் கணினி வேண்டாது. 2003 இற் சென்னைத் தமிழ் இணைய மாநாட்டுக்கு அளிக்கப்பெற்ற கட்டுரையொன்று வெண்பா இலக்கணத்தைச் 'சூழல்சாரா இலக்கணம்' என்னும் கணினி முறைமையில் எழுதிக் காட்டியது. அமிதசாகரர் காரிகையில் தொகுத்த விதிகள் பொறிக்கும் பாடமாயின.

விதிக்கு அமைதல் வேறு, பாட்டாதல் வேறு. 2009 இற் சென்னை ஏ.யு.–கே.பி.சி. ஆராய்ச்சி மையத்து ஆனந்த் ராமகிருஷ்ணன், சங்கர் குப்பன், சோபா லலிதாதேவி ஆகியோர் மெட்டுக்குப் பாடல் எழுதும் முறையொன்றை வெளியிட்டனர். மெட்டு முதலிற் குறில், நெடில், மெய் என்னும் கோலமாக மாற்றப்பட்டது. பின், ஒரு சொல்லை அடுத்து எச்சொல் வருதல் வழக்கு என்னும் கணக்கைக் கொண்டு அக்கோலம் நிரப்பப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே அம்முறையின் குறைகளை அச்சில் எடுத்துரைத்து, பொருள்களின் உறவை வகுத்த அறிவுத்தொகுதியையும் சொல்லுருவாக்கியையும் துணைக்கொண்டனர். தம் குறையைத் தாமே கூறும் இவ்வொழுக்கம் உரையாசிரியர் பலரிடத்தும் காணற்கரியது.

2022 இன் பின் பெருமொழி மாதிரிகள் பரவவே நிலைமை தலைகீழாயிற்று. வாக்கியம் ஓடுகின்றது, தளை தட்டுகின்றது. காரணம் யாதெனின், அவை சொல்லை அசையாகப் பிரிப்பதில்லை. பயிற்சிக்கு இட்ட நூற்றொகுதியில் அடிக்கடி சேர்ந்து வந்த துண்டுகளாகவே பிரிக்கின்றன. அத்துண்டு சிலவேளை ஓர் எழுத்தினும் சிறிதாகும். ஆங்கிலத்தோடு ஒப்பிடத் தமிழ் நூற்றொகுதி மிகச் சிறிதாகலின் இச்சிதைவு நம் மொழிக்கே கூடுதல். நேரும் நிரையும் அப்பிரிப்பிற் புலப்படா.

பூவரசங்குளம் செல்லும் மன்னார் வீதியிற் பம்பைமடுவில், 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியா வளாகத்திற் கணினி பயில்வார்க்கு இஃது உகந்த ஆய்வுப்பொருள். மாதிரி யாத்த அடியை யாப்புச் செய்நிரலொன்று அலகிட்டு, தளை தட்டியவிடத்தைச் சுட்டித் திருப்பியனுப்புமாறு இரண்டையும் பிணைத்தல் கூடும்.