பிளக் மரை வந்த வழி

மோகனூர் ஆற்றோரத் தோப்புகளில் பட்டுப்போன தென்னையைச் சாய்க்க இப்போது கோடாலியைத் தேடுபவர் குறைவு. மரம் அறுக்கும் மெஷின்தான். அதன் ஸ்பார்க் பிளக் ஒருநாள் இறுகவே மாட்டேன் என்று சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். “மரை போச்சுங்க, லேத்துல குடுத்து புஷ் போட்டுக்கலாம்” என்பார் மெக்கானிக். ஒரு சென்டிமீட்டர்கூட நீளமில்லாத அந்த மரை நம்மூர்ப் பட்டறைக்கு வந்து சேர்ந்த கதை மட்டும் நீளமானது.

1800 வாக்கில்கூட மரை என்பது ஆளுக்கொரு விதம். ஒரு பட்டறையின் நட்டு அடுத்த பட்டறையின் போல்ட்டில் ஏறாது. லண்டனில் ஹென்றி மாட்ஸ்லி, மரையைச் சீராக வெட்டும் லேத்தை உருவாக்கினார். அவரிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த், பல பட்டறைகளின் போல்ட்டுகளைச் சேகரித்து, சராசரி பார்த்து, 1841-ல் 55 டிகிரி மரையை முன்வைத்தார். ரயிலோடு அது இந்தியாவுக்கும் வந்தது. 1864-ல் பிலடெல்பியாவின் வில்லியம் செல்லர்ஸ், 55 டிகிரியை அளந்து வெட்டுவது தொல்லை என்று 60-க்குப் போனார். விளைவு, இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் போல்ட்டுகளுக்குள் மட்டும் நேசம் இல்லை! 1948-ல்தான் பிரிட்டனும் அமெரிக்காவும் கனடாவும் உட்கார்ந்து பேசித் தீர்த்தன. ஐரோப்பாவின் மில்லிமீட்டர் மரை தன் போக்கில் போய் உலகத்தைப் பிடித்தது. நம் பிளக் அந்த வம்சம்: 14 மி.மீ. விட்டம், மரைக்கு மரை 1.25 மி.மீ.

பிளக்கின் கதையும் கலகலப்பானதுதான். 1902-ல் ஸ்டுட்கார்ட்டில் பாஷ் கம்பெனியின் காட்லோப் ஹோனால்டு, மின்சாரம் தரும் மேக்னெட்டோவையும் பிளக்கையும் ஜோடி சேர்த்து நம்பகமான பொறியை உண்டாக்கினார். 1899-ல் பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்தில் ஜெயித்த ஆல்பர்ட் சாம்பியன், அமெரிக்கா போய்ப் பிளக் வியாபாரத்தில் இறங்கினார். கூட்டாளிகளைப் பிரிந்தபோது ‘சாம்பியன்’ என்ற பெயர் அவர்களிடமே தங்கிவிட்டது. சொந்தப் பெயரை இழந்த மனிதர், முதலெழுத்துகளான ஏ.சி.யை வைத்து விற்றார்.

எஞ்சினின் இரும்புத் தலையில் இரும்புப் பிளக் ஏறியவரை பெரிய தகராறு இல்லை. அலுமினியம் வந்து கெடுத்தது. 1886-ல் அமெரிக்காவில் சார்லஸ் ஹாலும் பிரான்சில் பால் ஹெரூல்ட்டும், ஒருவரை ஒருவர் அறியாமலே, மின்சாரத்தால் அதை மலிவாகப் பிரிக்கும் வழியைக் கண்டார்கள். இருவரும் பிறந்தது 1863, இறந்தது 1914! அந்த வித்தை நம் பக்கமும் வந்தது. ஏற்காடு, கொல்லிமலை பாக்சைட்டைக் கொண்டு மேட்டூரில் மால்கோ ஆலை அலுமினியம் உருக்கியது.

எடை குறைந்ததால் விமானம் பறந்தது. இரண்டு பேர் தூக்கிய மர மெஷினும் ஒரே ஆள் கைக்கு வந்தது. ஆனால் அலுமினியம் மென்மையானது. பல மர மெஷின்களில் பிளக் ஏறும் மரையின் நீளமே 9.5 மி.மீ.தான், அதாவது ஏழெட்டுச் சுற்று. சூட்டோடு கழற்றினாலோ கோணலாக ஏற்றி ஸ்பேனரால் அழுத்தினாலோ வழித்துக்கொண்டு போய்விடும்.

விமான எஞ்சின்களுக்கும் இதே வியாதி இருந்தது. 1930-களில் ஓட்டோ ஹாஸ் என்பவர் கொடுத்த மருந்து, ஒரு கம்பிச் சுருள். கம்பியின் வெட்டுமுகம் சாய்சதுரம். அதனால் வெளிப்பக்கம் ஒரு மரை, உள்பக்கம் ஒரு மரை. துளையைவிடச் சுருள் சற்றுப் பெரிது. இறுக்கி உள்ளே விட்டால் விரிந்து பிடித்துக்கொள்ளும். பழுது பார்க்க மட்டுமல்ல, புது எஞ்சினிலேயே இதை வைத்துக் கட்டினார்கள், ஏனென்றால் வெறும் அலுமினிய மரையைவிட இது உறுதி. ஹெலிகாயில் என்று பெயர் பெற்ற அந்தச் சுருளுக்கு இன்று எத்தனையோ நகல்கள், மரை வெட்டும் டேப்போடு பெட்டி பெட்டியாக வருகின்றன.

நம்மூர் லேத்காரர் கடைந்து போடும் புஷ்ஷும் அதே வேலையைத்தான் செய்கிறது. அடிக்கடி கழற்றும் பிளக்குக்கு என் ஓட்டு புஷ்ஷுக்கே. சுருள் சில சமயம் பிளக்கோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். மர மெஷினில் இன்னொரு சிக்கல் உண்டு. பைக்கைப் போலத் தலையைத் தனியாகக் கழற்ற முடியாது. சிலிண்டரும் தலையும் ஒரே வார்ப்பு. டேப் போடும்போது விழும் பிசிறு உள்ளே இறங்கினால் சிலிண்டர் பூச்சைக் கீறிவிடும். டேப்பில் கிரீஸ் தடவினால் பாதிப் பிசிறு அதில் ஒட்டும், மீதி ஒட்டாது. சிலிண்டரைத் தனியாகக் கழற்றிக்கொண்டு வரச் சொல்வது இதனால்தான். கூலி மிச்சம் என்று முழு மெஷினை நீட்டுகிறவர்கள், பிறகு பிஸ்டனுக்கும் சேர்த்துச் செலவழிக்கிறார்கள்.