லென்ஸ் முதலீடு: கொங்குநாட்டுத் திரைத்தொழில் காட்டும் கணக்கு

விலை கூடிய லென்ஸ் வாங்குவது வீண்செலவா, முதலீடா என்ற கேள்வி இன்று புகைப்படக் கலைஞர்கள் பலருக்கும் உண்டு. கொங்குநாட்டில் இக்கேள்விக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. கோவையிலும் சேலத்திலும் திரைத்தொழிலை உருவாக்கியவர்கள் படம் எடுக்கவும் காட்டவும் தேவைப்பட்ட விலை உயர்ந்த கருவிகளை அடுத்தடுத்து வாங்க வேண்டியிருந்தது. ஒரு கருவியின் மதிப்பை அதன் தரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அது எத்தனை நாள் உழைக்கிறது என்பதும் தீர்மானிக்கிறது என்பதை அவர்களின் அனுபவம் காட்டுகிறது.

சாமிக்கண்ணு வின்சென்ட்

கோவையில் 1883-ல் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் இரயில்வே ஊழியராக இருந்தார். 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்தார். உடல்நலம் குன்றி ஊர் திரும்ப விரும்பிய அவரிடமிருந்து படம் காட்டும் கருவியையும், இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் படம் உள்ளிட்ட மௌனப்படச் சுருள்களையும் வின்சென்ட் வாங்கினார். விலை இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். அவருடைய மாதச் சம்பளம் 25 ரூபாய் என்று திரை வரலாற்று எழுத்துகள் குறிப்பிடுகின்றன. அந்தக் கணக்கின்படி கருவியின் விலை ஆறரை ஆண்டுச் சம்பளத்துக்கும் அதிகம்.

படம் காட்டும் கருவியின் சாரம் ஒரு விளக்கும் ஒரு லென்சும்தான். கையால் சுற்றும் பொறி சுருளை நகர்த்த, விளக்கின் ஒளி சுருளை ஊடுருவி வந்து லென்ஸ் வழியாகத் திரையில் விழும். அதைவிடச் சிறந்த கருவிகள் அன்று ஐரோப்பாவில் இருந்தன. ஆனால் வின்சென்டுக்குத் தேவைப்பட்டது மிகச் சிறந்த கருவி அன்று; தூக்கிக்கொண்டு போகக்கூடிய கருவி. கூடாரம் அடித்துப் படம் காட்டியபடி அவர் தென்னிந்திய ஊர்களைக் கடந்து வடக்கே லாகூர், பெஷாவர் வரையிலும் பர்மா வரையிலும் சென்றார். ஒரே ஊரில் வைத்திருந்தால் சில வாரங்களில் பார்வையாளர் தீர்ந்திருப்பர். ஊர் மாறிக்கொண்டே இருந்ததால் பழைய சுருளும் ஒவ்வோர் ஊரிலும் புதுப்படமாகவே இருந்தது.

பின்னர் அவர் பிரான்சின் பாத்தே நிறுவனக் கருவிகளின் விற்பனை முகவரானார். படம் காட்டுவதுடன் படம் காட்டும் கருவியை விற்பதும் அவர் தொழிலாயிற்று. 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிலையான திரையரங்கைக் கட்டினார். அந்த அரங்கின் பெயராலேயே இன்றும் வெரைட்டி ஹால் சாலை அழைக்கப்படுகிறது.

பங்கு போட்ட ஸ்டுடியோக்கள்

பேசும்படம் வந்ததும் செலவின் அளவே மாறியது. ஒலிப்பதிவுக் கருவி, சத்தம் கேட்காத கேமரா, அதற்கேற்ற லென்சுகள், விளக்குகள் ஆகியவற்றைத் தனி ஒருவர் வாங்குவது கடினம். வின்சென்ட் பங்கேற்றுத் தயாரித்த ‘வள்ளி திருமணம்’ (1933) கல்கத்தாவில் எடுக்கப்பட்டது.

1930-களின் நடுவில் பி. ரங்கசாமி நாயுடு, எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு முதலியோருடன் சேர்ந்து கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோஸ் உருவாவதில் வின்சென்ட் பங்கு கொண்டார். ஸ்டுடியோ முறையின் பொருளாதாரம் எளியது. கருவியின் விலை ஒரே படத்தின் தலையில் விழாமல் அங்கே எடுக்கப்படும் எல்லாப் படங்களுக்கும் பிரியும். வெளித் தயாரிப்பாளர்கள் வாடகை தருவார்கள். எம். ஜி. ஆர். கதாநாயகனாக நடித்த ‘ராஜகுமாரி’யை (1947) ஜூபிடர் பிக்சர்ஸ் எடுத்தது சென்ட்ரல் ஸ்டுடியோஸில்தான்.

ஸ்ரீராமுலு நாயுடு பின்னர் பட்சிராஜா ஸ்டுடியோவைத் தொடங்கி இக்கணக்கை இன்னும் விரித்தார். நாமக்கல் கவிஞரின் நாவலைத் தழுவிய ‘மலைக்கள்ளன்’ (1954) தமிழில் வெற்றி பெற்றபின் தெலுங்கு, இந்தி, கன்னடம், மலையாளம், சிங்களம் ஆகிய மொழிகளிலும் அதே கதை படமானது. இந்திப் படமான ‘ஆசாத்’தில் (1955) நடிக்கத் திலீப் குமாரும் மீனாகுமாரியும் கோவைக்கு வந்தனர். ஒரு கதை ஆறு மொழிகளில் படமானபோது ஸ்டுடியோவின் கருவிகளுக்கு ஓய்வே இல்லை.

சேலமும் வண்ணமும்

சேலத்தில் டி. ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்தது. அதன் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். அக்கால வண்ணச் சுருள் கறுப்பு வெள்ளைச் சுருளை விட அதிக வெளிச்சம் கேட்டது. நிறங்கள் பிசிறாமல் ஒரே புள்ளியில் குவியும் லென்சும் தேவைப்பட்டது. எனவே வண்ணத்துக்கு மாறுவது சுருளை மட்டும் மாற்றுவது அன்று. தொடர்ந்து படம் எடுத்த நிறுவனத்தால் அந்தச் செலவைத் தாங்க முடிந்தது. 1961-ல் மலையாளத்தின் முதல் வண்ணப்படமான ‘கண்டம் பெச்ச கோட்டு’ படத்தையும் சுந்தரமே எடுத்தார்.

சினிமாஸ்கோப்: லென்ஸ் மட்டும் போதாது

ஹென்றி கிரெத்தியன் என்ற பிரெஞ்சு அறிவியலாளர் 1920-களில் உருவாக்கிய லென்ஸ், அகன்ற காட்சியைப் பக்கவாட்டில் பாதியாகச் சுருக்கிச் சுருளில் பதித்தது. அதைத் திரையில் விரித்துக் காட்ட இன்னொரு லென்ஸ் வேண்டும். 1953-ல் ‘தி ரோப்’ படத்தின் மூலம் இம்முறை சினிமாஸ்கோப் என்ற பெயரில் பரவியது. விரிக்கும் லென்ஸ் இல்லாத அரங்கில் மனிதர்கள் ஒல்லியாகவும் நெட்டையாகவும் தெரிவார்கள். எனவே கேமராவுக்கு ஒரு லென்ஸ் வாங்கினால் படம் ஓடும் அரங்குகளெல்லாம் லென்சும் அகலத் திரையும் வாங்க வேண்டும்.

இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படமான குரு தத்தின் ‘காகஸ் கே பூல்’ (1959) வணிகத்தில் தோற்றது. வி. கே. மூர்த்தியின் ஒளிப்பதிவு இன்றும் போற்றப்படுகிறது. நல்ல லென்சும் தேர்ந்த கலைஞரும் சேர்ந்தாலும் வசூல் உறுதியில்லை என்பதற்கு அப்படம் சான்று. தமிழுக்கு சினிமாஸ்கோப் வர மேலும் பதினான்கு ஆண்டுகள் ஆயின. சங்ககிரிப் பகுதியைச் சேர்ந்த ஏ. பி. நாகராஜன் இயக்கிய ‘ராஜராஜ சோழன்’ (1973) தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம்.

இன்றைய கேள்விக்குப் பொருத்துதல்

இவ்வரலாற்றிலிருந்து மூன்று கேள்விகள் கிடைக்கின்றன.

முதலாவது, இப்போதுள்ள லென்சால் செய்ய முடியாத எந்த வேலையைப் புதியது செய்யும்? கேமராவுடன் வரும் சாதாரண ஜூம் லென்ஸின் திறப்பு, தூரக் காட்சியில் எஃப் 5.6 அளவுக்குச் சுருங்கிவிடும். எஃப் 2.8 லென்ஸ் அதைப்போல் நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். கொங்குத் திருமணங்களில் இரவில் நடக்கும் சீர்களையும் விடியற்கால முகூர்த்தத்தையும் எடுப்பவருக்கு இது பெரிய வேறுபாடு. பகல் வெளிச்சத்தில் இயற்கைக் காட்சி எடுப்பவருக்கு அவ்வளவு இல்லை. விலை குறைந்த 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸே பலரின் தேவையைத் தீர்த்துவிடும்.

இரண்டாவது, அது ஆண்டில் எத்தனை நாள் உழைக்கும்? மாதம் பல நாள் பயன்பட்டால் வாங்கலாம். ஆண்டில் நான்கைந்து நாள்தான் என்றால், சென்ட்ரல் ஸ்டுடியோஸுக்கு வந்த தயாரிப்பாளர்களைப் போல வாடகைக்கு எடுப்பதே சிக்கனம்.

மூன்றாவது, அதனுடன் வேறு எதையெல்லாம் மாற்ற வேண்டிவரும்? நிக்கான் 1959-ல் அறிமுகப்படுத்திய எஃப் வகைப் பொருத்து வளையம் பல பத்தாண்டுகள் நீடித்தது. கேனான் 1987-ல் வளையத்தை மாற்றியபோது பழைய லென்சுகள் புதிய கேமராக்களில் நேரடியாகப் பொருந்தவில்லை. 2018-ல் இரு நிறுவனங்களும் கண்ணாடியில்லாக் கேமராக்களுக்கென மீண்டும் புதிய வளையங்களைக் கொண்டுவந்தன. அடுத்த கேமரா எந்த வகை என்று முடிவு செய்த பிறகே லென்ஸுக்குப் பணம் போடுவது நல்லது.

வின்சென்ட் தன் சக்திக்கு மீறிய விலை கொடுத்துத்தான் கருவி வாங்கினார். அது அவர் வீட்டில் சும்மா கிடந்திருந்தால் ஆறரை ஆண்டுச் சம்பளமும் நட்டமாகியிருக்கும். அவர் அதை ஊர் ஊராகச் சுமந்து சென்றதால்தான் போட்ட பணம் திரும்பியது.