கமராவுக்கும் காவல் வேண்டும்

வீட்டுக்கும் கடைக்கும் காவலாகப் பொருத்தப்படும் கண்காணிப்புக் கமராவே அந்நியருக்குக் கதவு திறந்துவிடுமானால், அது வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிடும். இது வெறும் கற்பனையன்று.

2016ஆம் ஆண்டு 'மிராய்' என்னும் தீங்கு நிரல், இணையத்துடன் இணைந்திருந்த கமராக்களையும் பதிவுக் கருவிகளையும் பெருந்தொகையில் கைப்பற்றியது. அதற்கு அரிய நுட்பம் எதுவும் தேவைப்படவில்லை. தொழிற்சாலையில் இடப்படும் பயனர் பெயர், கடவுச்சொல் சோடிகளுள் 60க்கும் மேற்பட்டவற்றை அது மாறிமாறிப் பரீட்சித்தது. மாற்றப்படாதிருந்த கருவிகள் திறந்துகொண்டன. அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி அக்கருவிகளைக் கொண்டு அமெரிக்காவின் டைன் நிறுவனம் தாக்கப்பட்டபோது, டுவிட்டர், நெட்பிளிக்ஸ் முதலான தளங்கள் பலருக்கு எட்டாதுபோயின.

பொதுவான கடவுச்சொல்லுடன் இத்தகைய கருவிகளை விற்பதைப் பிரித்தானியா 2024 ஏப்ரல் 29 முதல் சட்டத்தால் தடைசெய்துள்ளது. ஆயினும் ஏற்கெனவே சுவரிலுள்ள கமராக்களுக்கு உரிமையாளரே பொறுப்பு.

பொருத்தும் நாளிலேயே கடவுச்சொல்லை மாற்றவேண்டும். கமரா, பதிவுக் கருவி, கைப்பேசியில் பார்க்கும் கணக்கு ஆகிய ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறான, நீண்ட கடவுச்சொல் அவசியம். பொருத்தியவரோ விலகிச்சென்ற ஊழியரோ அறிந்த கடவுச்சொல்லைத் தொடர்ந்து பயன்படுத்தலாகாது. மறதிக்கு அஞ்சிக் கருவியின் மீதே எழுதி ஒட்டுவதைவிட, குறிப்பேட்டில் எழுதிப் பூட்டிவைப்பது மேல். உற்பத்தியாளர் வெளியிடும் மென்பொருள் திருத்தங்களையும் தவறவிடலாகாது. சில கருவிகளில் கடவுச்சொல்லை மாற்றவே வழியில்லை. அவற்றை இணையத்துடன் இணைக்காதிருப்பதே அறிவுடைமை.

நமது வீட்டினுள்ளே பார்க்கும் கண் யாருக்காகத் திறந்திருக்கிறது என்பதை நாமே தீர்மானிக்கவேண்டும்.