நுளம்பும் அதன் உள்ளுறை உயிரும்

2017ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே, திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கேயுள்ள கிண்ணியாப் பகுதியில் டெங்குக் காய்ச்சல் கொள்ளைநோயெனப் பரவிற்று. குறிஞ்சாக்கேணி அப்பகுதியைச் சேர்ந்த ஊர். வைத்தியசாலையிற் படுக்கைகள் போதாவாயின, பாடசாலைகள் மூடப்பட்டன, உயிர்கள் பல மாண்டன. அவ்வாண்டு இலங்கை முழுவதிலும் 186,000 பேருக்கு மேல் இந்நோய்க்கு ஆளாயினரெனக் கணக்கிடப்பட்டது.

நோயைப் பரப்புவதில் முதன்மையானது ஈடிசு எகிப்தி என்னும் நுளம்பு. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இது, பாய்க்கப்பல்களின் நீர்ப்பீப்பாய்களிலே கடல் கடந்ததென்பர். துறைமுகங்களுக்கும் இதற்குமுள்ள உறவு பழையது. ஆனால், வீட்டுக் கழிவுநீரில் வளரும் கியூலெக்சு நுளம்பினுள்ளே வாழும் ஒரு பற்றீரியம் இதனிடம் இயல்பாக இல்லை. அப்பற்றீரியத்தின் வரலாறே ஈண்டு ஆராயப்படுகிறது.

1924ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த ஹேட்டிக், வொல்பாக் என்னும் இருவர், கியூலெக்சு நுளம்பின் இனப்பெருக்க உறுப்புகளில் நுண்ணுயிர்கள் நிறைந்திருக்கக் கண்டனர். அவை மனிதருக்கு நோய் செய்யாமையால் எவரும் பொருட்படுத்தவில்லை. 1936இல் ஹேட்டிக் தம் நண்பரின் பெயரால் அதனை வொல்பாக்கியா என வழங்கினார். அதன்பின் அப்பெயர் நூல்களுள்ளே உறங்கிற்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜேர்மானியராகிய லாவன், பல ஊர்க் கியூலெக்சு நுளம்புகளை ஒன்றோடொன்று கலந்து வளர்த்தார். ஓரூர்ப் பெண்ணும் மற்றோரூர் ஆணும் கூடியபோது முட்டைகள் பொரித்தன. ஊர்கள் மாறியபோது பொரிக்கவில்லை. நிறமூர்த்தங்கள் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வருவன; அவையே காரணமாயின் இவ்வேற்றுமை தோன்றாது. ஆகவே முட்டையின் குழியவுரு வழியாகத் தாயிடமிருந்து மட்டும் வருவது ஏதோ ஒன்றுளது எனத் துணிந்தார். உண்மையின் வாயிலை அடைந்தும் உள்ளிருப்பது யாதென அவர் அறிந்திலர். ஆயினும் 1967இல் இரங்கூனை அடுத்த ஒக்போ என்னும் சிற்றூரிலே, அவ்வூர்ப் பெண் நுளம்புகளோடு ஒவ்வாத ஆண் நுளம்புகளை விட்டு, முட்டைகள் பொரியாது ஒழியக் காட்டினார். காரணம் அறியாமலே பயன்கொண்ட இச்செயல் வியத்தற்குரியது. 1971இற்றான் யென், பார் என்னும் இருவர் அவ்விரு செய்திகளையும் இணைத்தனர். தெத்திரசைக்கிளின் மருந்தினாற் பற்றீரியத்தை அகற்றிய ஆண் நுளம்புகளிடம் அவ்வொவ்வாமையும் இல்லையாயிற்று.

பற்றீரியம் இவ்வாறு செய்வானேன்? அது முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்லும்; ஆணுடல் அதற்கு முட்டுச்சந்து. அதனையுடைய ஆணின் விந்து, அதனையுடையாத பெண்ணின் முட்டையைக் கெடுக்கிறது. அதே வகைப் பற்றீரியத்தையுடைய பெண்ணின் முட்டையோ பிழைக்கிறது. இதனால் அதனைத் தாங்கிய பெண்களின் வழி தலைமுறைதோறும் பெருகுகிறது. ஒன்றியவாழ்வு என்றவுடன் நட்பை எண்ணுதல் நம் வழக்கம். இங்கோ தன் வழியைப் பெருக்கப் பிற பெண்களின் சந்ததியை அழிக்கும் தந்திரமே காணப்படுகிறது. யானைக்கால் நோய்ப் புழுக்களுள் வாழும் வொல்பாக்கியாவின் நிலை வேறு. அஃதின்றி அப்புழு இனம்பெருக்காது. மேலும், பற்றீரியத்தின் கூர்ப்புக் கிளைகள் பூச்சிகளின் கூர்ப்புக் கிளைகளோடு பெரும்பாலும் பொருந்துவதில்லை. ஓரினத்திலிருந்து வேறோரினத்துக்கு அது பன்முறை தாவியிருத்தல் வேண்டும்.

அத்தாவலை மனிதரும் செய்தனர். அவுஸ்திரேலிய ஆய்வாளர் பழ ஈயின் வொல்பாக்கியாவை ஈடிசு நுளம்பினுட் புகுத்தினர். அந்நுளம்பிலே டெங்கு வைரசு நன்கு பெருகவில்லை. 2011இல் அந்நுளம்புகள் கெயின்சு நகர்ப்புறத்தில் விடப்பட்டன. இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் நிகழ்ந்த சோதனையிலே டெங்கு 77 சதவீதம் குறைந்ததென 2021இல் வெளியிடப்பட்டது. கொழும்பு, நுகேகொடைப் பகுதிகளில் 2020இல் இம்முறை தொடங்கப்பட்டது. பழ ஈயின் வகை கடும் வெப்பத்திற் குறைவதால், கோலாலம்பூரிலே வெப்பந்தாங்கும் வேறொரு வகையைத் தெரிந்தனர். கிண்ணியா உலர்வலயத்தைச் சேர்ந்தது. ஆனி, ஆடி மாதங்களின் வெயிலில் அங்கே எவ்வகை நிலைக்குமென்பது ஆய்வாளர் கருதவேண்டிய கேள்வியாகும்.