ஒரு பனைச் சீட்டுக்கு உரை

டெக்சஸ் மாநிலத்தின் டாலஸ் பக்கம் நர்சரிகளில் நிற்கும் பனைக்கன்றுகளின் மட்டையில் பிளாஸ்டிக் சீட்டு ஒன்று தொங்கும். ஐந்தாறு வரிகள்தான். வாசகம் கடைக்குக் கடை சற்று மாறும், பொருள் மாறாது. குளிர் தாங்கும் பனை என்று கேட்டுப் போகிறவர்களின் கைக்கு முதலில் வருவது விண்ட்மில் பாம் என்பதால், அதன் சீட்டையே மூலமாக வைத்துக்கொள்வோம்.

“விண்ட்மில் பாம். டிராக்கிகார்ப்பஸ் ஃபார்ச்சூனை.”

முன்னது கூப்பிடும் பெயர், பின்னது தாவரவியல் பெயர். வாங்குபவர் பிடித்துக்கொள்ள வேண்டியது பின்னதை. கடையில் ‘பாம்’ என்று விற்பதெல்லாம் பனைக் குடும்பம் அல்ல; பக்கத்துத் தொட்டியில் நிற்கும் சாகோ பாம் சைக்கஸ் இனத்தைச் சேர்ந்தது, அதன் விதை நாய்களுக்குக் கொடிய நஞ்சு. ‘ஃபார்ச்சூனை’ என்பதில் இருப்பவர் ராபர்ட் ஃபார்ச்சூன். சீனத் தேயிலைக் கன்றுகளை இந்தியாவுக்குக் கடத்திக் கொண்டுவந்த அதே ஸ்காட்லாந்துக்காரர். 1849இல் இந்தப் பனையையும் சீனாவிலிருந்து லண்டனின் கியூ தோட்டத்துக்கு அனுப்பினார். பனி விழும் குளிர்காலத்துக்குப் பழகிய மலைநாட்டு மரம் இது. தண்டைச் சுற்றிப் பழுப்பு நார் அடர்ந்திருக்கும். சீனர்கள் அதைக் கயிறாகத் திரித்தார்கள்.

“மண்டலம் 7பி முதல் 10 வரை.”

சீட்டின் உயிர்வரி இது. அதிகம் தவறாகப் படிக்கப்படுவதும் இதுவே. மண்டலம் என்பது அமெரிக்க வேளாண் துறையின் வரைபடக் கணக்கு. மொத்தம் 13 மண்டலங்கள்; ஒவ்வொன்றுக்கும் ஏ, பி என்று இரண்டு பாதிகள். 7பி என்றால் ஏறத்தாழ மைனஸ் 15 முதல் மைனஸ் 12 டிகிரி செல்சியஸ். டாலஸ் இருப்பது 8ஆம் மண்டலத்தில், அதாவது மைனஸ் 12க்கும் மைனஸ் 7க்கும் இடையே. அப்படியானால் இந்த மரம் டாலஸுக்குத் தாராளமாகப் போதும் என்றுதான் தோன்றும்.

அந்த எண் வந்த வழியைப் பார்க்க வேண்டும். ஓர் ஆண்டில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையை எடுத்து, அப்படி 30 ஆண்டுகளுக்குச் சராசரி போட்டது அது. சராசரி என்றாலே ஏறக்குறையப் பாதி ஆண்டுகளில் அதற்குக் கீழே இறங்கியிருக்கிறது என்று பொருள். 2023இல் வெளியான இப்போதைய வரைபடம் 1991 முதல் 2020 வரையான கணக்கு. டெக்சஸ்காரர்கள் மறக்காத 2021 பிப்ரவரி அதில் சேரவில்லை. அம்மாதம் 16ஆம் தேதி டாலஸ் விமான நிலையத்தில் மைனஸ் 19 டிகிரி பதிவானது. நாட்கணக்கில் பகலிலும் உறைநிலை விலகவில்லை. தெற்கே சான் அன்டோனியோவில் ஓங்கி நின்ற மெக்சிகன் வாஷிங்டோனியா பனைகள் ஏராளமாகச் செத்தன. டாலஸில் விண்ட்மில்களும் அடிவாங்கின.

‘நாட்கணக்கில்’ என்பது முக்கியம். ஓக் மரத்தில் ஒரு கிளை பட்டுப்போனால் இன்னோர் இடத்தில் துளிர்க்கும். பனைக்கு உயிர் முழுவதும் உச்சிக் குருத்தில். தென்னையில் குருத்தழுகல் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓலை கருகினால் மரம் தேறிக்கொள்ளும். குருத்து உறைந்தால் தேறாது. மட்டைகளைத் தாண்டிக் குளிர் உள்ளே இறங்க நேரம் பிடிக்கும் என்பதால், விடியலில் மூன்று மணி நேரம் அடிக்கும் மைனஸ் 10ஐத் தாங்கும் மரம் மூன்று நாள் மைனஸ் 10ஐத் தாங்காமல் போகலாம். சீட்டு குளிரின் அளவைச் சொல்கிறது, நேரத்தைச் சொல்வதில்லை.

“முழு வெயில் அல்லது அரை நிழல்.”

வளர்வதற்கு இரண்டும் சரி. குளிர்காலத்தை எண்ணி இடம் தேடினால், பெரிய ஓக்கின் கவிகையோரம் நல்லது. திறந்த வானத்தின்கீழ் இரவில் வெப்பம் விரைவாகப் போய்விடும். வாடைக்காற்றை மறைக்கும் தெற்குச் சுவரோரமும் நல்லது.

“நீர் தேங்காத மண்.”

டாலஸின் கறுப்புக் களிமண், நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலின் வகைதான்: ஈரத்தில் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அதில் குழி தோண்டி உரமண் நிரப்பினால், அந்தக் குழி குளிர்கால மழைநீரைப் பிடித்துவைக்கும் கிண்ணமாகிவிடும். வேர் அழுகும். குழியைவிட மேடு மேல்: மண்ணை ஓரடி உயர்த்தி, தொட்டியில் இருந்த ஆழத்துக்கே நடுவது பாதுகாப்பு.

“உயரம் 20 முதல் 30 அடி.”

அவசரமில்லை, மெதுவாக வளரும் மரம். கூரை விளிம்பிலிருந்து விலக்கி நட்டால் போதும்.

“நிலைபெற்ற பின் குளிரையும் வறட்சியையும் தாங்கும்.”

முதல் இரண்டு சொற்கள் மொத்தச் சீட்டையும் நிபந்தனைக்குள் கொண்டுவந்து விடுகின்றன. மேலே சொன்ன 7பி வேரூன்றிய மரத்துக்கு. நேற்று நட்ட கன்றுக்கு அல்ல. பனை வேர் மண் சூடாக இருக்கும்போதே ஓடும். ஆகவே நடவேண்டியது ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள். இலையுதிர்காலத் தள்ளுபடியில் வாங்கி நட்டது வேரில்லாமல் குளிருக்குள் நுழைகிறது. முதல் இரண்டு மூன்று குளிர்காலங்கள் அடியில் மூடாக்கு போட வேண்டும்; கடும் உறைபனி அறிவிப்பு வந்தால் ஓலைகளைச் சேர்த்துக் கட்டித் துணி போர்த்தி, குளிர் விட்டதும் எடுத்துவிட வேண்டும். அழகுக்காகப் பச்சை மட்டையைக் கழிப்பது குருத்தின் போர்வையை உரிப்பதுதான். உறைபனிக்குப் பின் கருகிய மரத்தையும் உடனே வெட்டவேண்டாம். இழுத்ததும் குருத்து கையோடு வந்தால்கூட, செம்புக் கலவை மருந்தை ஊற்றிவிட்டு ஜூலை வரை பொறுத்துப் பார்க்கலாம்.

இதே வரிகளைப் பக்கத்துச் சீட்டுகளிலும் படித்தால் தேர்வு தெளிவாகும். ஊசிப்பனை அமெரிக்கத் தென்கிழக்கின் மண்ணுக்குரியது, மைனஸ் 20ஐயும் தாங்கும். குட்டைச் சபல் ஓக்லஹோமாவின் தென்கிழக்கு மூலைவரை காட்டில் வளர்கிறது. அதன் தண்டும் குருத்தும் மண்ணுக்குள் இருப்பதால் மண்ணே காப்பு. இரண்டும் புதராகவே நிற்கும், வானைத் தொடாது. நிமிர்ந்த தண்டு வேண்டும் என்பவர் விண்ட்மில்லை எடுத்து, சில இரவுகள் துணியோடு ஓடத் தயாராக இருக்க வேண்டும். ‘மண்டலம் 9’ என்று போட்ட வாஷிங்டோனியா எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், டாலஸில் அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவது நல்லது.